பூஜையறைப் பாயில் மூத்திரம் போகிறான் வெள்ளையன், யாராவது வழி சொல்லுங்களேன்

மழைத்துளி | சாட்ஸ்வொர்த் | செப்டம்பர் 3, இரவு 9:12

எல்லாருக்கும் வணக்கம். எங்க வீட்டுல வெள்ளையன்னு ஒரு கடுவன் பூனை. நாலு வயசு. குட்டியா இருக்கும்போதே ஸ்டெரிலைஸ், அதான் கருத்தடை, பண்ணியாச்சு. ஆறு கிலோவுக்கு மேல இருப்பான். இத்தனை வருஷத்துல ஒரு நாள்கூட மணல் தட்டைத் தவிர வேற எங்கயும் போனதில்ல. மூணு வாரமா பூஜையறைப் பாய்லதான் போறான். அத்தை காலைல விளக்கேத்தப் போனா கால்ல ஈரம் படுது. பாயைத் துவைச்சுக் காயப்போட்டா மறுநாளே திரும்ப அதே இடம்.

பத்து நாளைக்கு முன்னாடி ஒரு வெட், அதான் கால்நடை டாக்டர்கிட்ட காட்டினோம். தொட்டுப் பார்த்துட்டு, தொற்றா இருக்கும்னு ஆன்டிபயாடிக் கொடுத்தாங்க. மூத்திரத்தைப் பரிசோதிக்கல. நாலு நாள் நல்லா இருந்தான், அப்புறம் மறுபடியும்.

அத்தை ரொம்ப மனசு விட்டுட்டாங்க. "சாமி அறையை அசிங்கப்படுத்துற ஜீவன் வீட்டுக்கு ஆகாது"ன்னு சொல்றாங்க. அவங்களையும் குத்தம் சொல்ல முடியல, எழுபத்தோரு வயசுல தினமும் குனிஞ்சு துடைக்கிறாங்க. வீட்டுக்காரர் யாருக்காவது கொடுத்துடலாம்கிறார். நான் திருநெல்வேலியிலேர்ந்து கல்யாணமாகி இந்தத் தென்னாப்பிரிக்காவுக்கு வந்து மூணே மாசம் ஆனப்போ, மழைல கார் அடியில கத்திக்கிட்டிருந்த குட்டி இவன். யாரையும் தெரியாத ஊர்ல பகல் முழுக்க எனக்குத் துணையா இருந்தவன். எப்படிக் கொடுப்பேன்?

புதுவரவு | ஃபீனிக்ஸ் | செப்டம்பர் 3, இரவு 9:30

போன இடத்துல மூக்கை வச்சுத் தேய்ச்சு ரெண்டு தட்டு தட்டுங்க அக்கா. ஊர்ல எங்க பாட்டி அப்படித்தான் பழக்குவாங்க. பூஜையறைக் கதவையும் சாத்தி வச்சிருங்க.

கரும்புக்காடு | டோங்காட் | செப்டம்பர் 3, இரவு 9:44

தம்பி, அடிக்க வேண்டாம். பூனைக்கு அடியும் தவறும் ஒன்றோடொன்று சேர்ந்து விளங்காது. அடித்தவரைக் கண்டால் ஒளியும், அவ்வளவுதான். அம்மா, அந்தப் பிள்ளைக்கு உடம்பில் ஏதோ வலி இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. நம் ஏலக்காய் அம்மா பார்த்தால் சரியாகச் சொல்வார்.

ஏலக்காய் | பீட்டர்மாரிட்ஸ்பர்க் | செப்டம்பர் 3, இரவு 10:20

இப்போதுதான் பணி முடிந்து வந்தேன். நான் டாக்டர் இல்லை, வெட் கிளினிக்கில் நர்ஸ். மழைத்துளி, சில கேள்விகள். தூங்கப் போவதற்கு முன்னால் பதில் சொல்லுங்கள்.

ஒரு நாளைக்கு எத்தனை முறை போகிறான்? ஒவ்வொரு முறையும் எவ்வளவு வருகிறது, ஒரு எலுமிச்சை அளவா, காசு அளவா, அல்லது சொட்டுதானா? பாயில் இளஞ்சிவப்பாக ஏதாவது கறை உண்டா? உட்கார்ந்து போகிறானா, நின்றுகொண்டு வாலை நடுக்கிச் சுவரில் பீய்ச்சுகிறானா? பின்பக்கத்தை ஓயாமல் நக்குகிறானா?

பீய்ச்சுவது வேறு, போவது வேறு. பீய்ச்சும் பூனை தன் எல்லையைக் குறிக்கிறது. குந்தி உட்கார்ந்து பாய், துணி, குளியல் தொட்டி என்று இடம் தேடும் பூனைக்குப் பெரும்பாலும் மூத்திரப்பையில் எரிச்சல் இருக்கும். தட்டில் உட்காரும்போது வலித்தால் தட்டுதான் வலிக்க வைக்கிறது என்று நினைத்துக்கொள்ளும், மெத்தென்ற வேறு இடம் தேடும். உங்கள் பாய் அப்படித்தான் அவன் கண்ணில் பட்டிருக்கும்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது இது: அடிக்கடி போய் முக்கி, ஒன்றுமே வராமல் திரும்பினால் விடியும் வரை காத்திருக்காதீர்கள். கடுவனுக்கு மூத்திரக் குழாய் மிக ஒடுக்கம்.

மழைத்துளி | செப்டம்பர் 3, இரவு 10:51

அக்கா, இதைப் படிச்சதும் போய்ப் பார்த்தேன். சாயங்காலத்துல இருந்து தட்டுக்கும் பாய்க்கும் மாறி மாறிப் போறான். ஒரு சொட்டுகூட இல்ல. மலச்சிக்கல்னு நினைச்சு ராத்திரி சாப்பாட்டுல கொஞ்சம் எண்ணெய் விட்டேன், அதையும் தொடல. இப்ப வாந்தி எடுத்தான். அடிவயித்துல கை பட்டதும் கத்துறான், உள்ள பந்து மாதிரி கெட்டியா இருக்கு.

ஏலக்காய் | செப்டம்பர் 3, இரவு 10:53

உடனே கிளம்புங்கள். இரவு முழுக்கத் திறந்திருக்கும் மருத்துவமனைக்குப் போன் செய்து, "கடுவன் பூனை, மூத்திரம் அடைத்திருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போங்கள், தயாராக இருப்பார்கள். வயிற்றை அமுக்காதீர்கள். வலி மாத்திரை எதுவும் கொடுக்காதீர்கள். பெட்டி இல்லையென்றால் தலையணை உறைக்குள் போட்டுக்கூடத் தூக்கிச் செல்லலாம்.

கரும்புக்காடு | செப்டம்பர் 3, இரவு 11:15

போய்ச் சேர்ந்ததும் ஒரு வரி எழுதம்மா. விழித்திருக்கிறேன்.

மழைத்துளி | செப்டம்பர் 4, காலை 5:38

உயிரோட இருக்கான். முழுசா அடைச்சிருந்ததாம். மயக்கம் கொடுத்து மெல்லிசா ஒரு குழாய் விட்டு எடுத்தாங்க. ரத்தம் கலந்து வந்துச்சு. ரத்தப் பரிசோதனையில பொட்டாசியம் ஏறியிருக்கு, இன்னும் சில மணி நேரம் விட்டிருந்தா இதயம் நின்னிருக்கும்னு டாக்டர் சொன்னாங்க. டிரிப் போட்டிருக்கு, ரெண்டு நாள் அங்கேயே இருக்கணும். அத்தை வீட்ல தூங்காம உட்கார்ந்திருந்தாங்க. நான் வந்ததும் அவங்க முதல்ல கேட்டது "பிழைச்சுக்குவானா"ன்னுதான். எனக்கு வேற எதுவும் எழுத வரல. ஏலக்காய் அக்கா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல.

புதுவரவு | ஃபீனிக்ஸ் | செப்டம்பர் 4, காலை 7:05

அக்கா, மன்னிச்சிருங்க. தெரியாமச் சொல்லிட்டேன். நேத்து ராத்திரி அந்த நிலைமையில இருந்தவனை அடிக்கச் சொல்லியிருக்கேன்னு நினைச்சா மனசு என்னமோ போல இருக்கு. எங்க வீட்டுலயும் ஒரு கடுவன் இருக்கான். ஏன் இப்படி அடைக்குது, யாராவது விளக்குங்களேன்.

ஏலக்காய் | பீட்டர்மாரிட்ஸ்பர்க் | செப்டம்பர் 4, மாலை 6:40

தம்பி, கேட்டது நல்லது.

மூத்திரப்பையின் உட்சுவர் வீங்கி, சளியும் அணுக்களும் நுண்படிகங்களும் சேர்ந்து ஒரு அடைப்பு உருவாகும். சில பூனைகளுக்குக் கல். இளம் பூனைகளில், ஏறத்தாழ பத்து வயது வரை, கிருமித் தொற்று அபூர்வம். அதனால்தான் பரிசோதிக்காமல் கொடுக்கும் ஆன்டிபயாடிக் பெரும்பாலும் பயன்படுவதில்லை. "நாலு நாள் நல்லா இருந்தான்" என்று மழைத்துளி எழுதியதைப் படித்தபோதே கவலைப்பட்டேன். தொற்றில்லாத இந்த அழற்சி பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தானாகவே தணியும், பிறகு திரும்ப வரும். மருந்து வேலை செய்தது போலத் தோன்றும்.

இந்த அழற்சிக்கு ஒற்றைக் காரணம் கிடையாது. உடல் பருமன், வெறும் பெல்லட்ஸ் என்ற உலர் தீனியை மட்டும் தின்பது, தண்ணீர் குறைவாகக் குடிப்பது, வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடப்பது, மனக்கலக்கம் எல்லாம் சேரும். கடைசியாகச் சொன்னதை மக்கள் நம்புவதில்லை. ஆனால் பூனையின் பயம் அதன் மூத்திரப்பையில்தான் போய் உட்காருகிறது. கிளினிக்கில் வாரந்தோறும் பார்க்கிறேன்.

மழைத்துளி, அவன் வீட்டுக்கு வந்ததும் கடந்த இரண்டு மாதத்தில் வீட்டில் என்ன மாறியது என்று யோசித்துப் பாருங்கள். சின்ன மாற்றமாக இருந்தாலும் எழுதுங்கள்.

கடலோரம் | உம்கோமாஸ் | செப்டம்பர் 5, காலை 10:15

வெள்ளையன் தேறி வருவதில் மகிழ்ச்சி. இதைப் படித்ததும் எங்கள் மீனுவைப் பற்றிச் சொல்லத் தோன்றியது, ஏனென்றால் நானும் நோயை "குணம்" என்றுதான் நினைத்தேன். போன கோடையில் எங்களுக்குக் குழந்தை பிறந்தது. அந்த வாரத்திலிருந்து மீனு விளையாடுவதில்லை, மடியில் ஏறுவதில்லை, குளியலறைத் தரையில் போய்ப் படுத்துக்கொண்டாள். பொறாமை, கோபம் என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். எட்டாவது நாள் அவள் கொட்டாவி விடும்போது பார்த்தேன், ஈறு காகிதம் போல வெளுத்திருந்தது.

பிலியரி, ரத்தத்தில் ஒட்டுண்ணி புகும் நோய். நாய்க்குத்தான் வரும் என்று நினைத்திருந்தேன். பூனைக்கு வருவது வேறு ஒட்டுண்ணியாம், பபீசியா ஃபெலிஸ். நம் கடற்கரைப் பக்கம் இருக்கிறது. நாய்க்குக் காய்ச்சல் கொதிக்கும், பூனைக்குப் பெரும்பாலும் காய்ச்சலே இருக்காது, சும்மா மெலிந்து சோர்ந்து வெளுத்துப் போகும். நாய்க்குப் போடும் பிலியரி ஊசி இதற்குக் கேட்காது. மலேரியாவுக்குக் கொடுக்கும் பிரைமகுவின்தான் மருந்து. அதிலும் குணமாக்கும் அளவுக்கும் கொல்லும் அளவுக்கும் இடைவெளி கொஞ்சம்தான் என்பதால் எடை பார்த்து டாக்டரே கொடுத்தார். மீனு பிழைத்தாள்.

வாரம் ஒரு முறை உதட்டைத் தூக்கி ஈறு நிறம் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும்.

கரும்புக்காடு | டோங்காட் | செப்டம்பர் 5, இரவு 8:02

ஈறு என்றதும் நான் சொல்லியே ஆக வேண்டிய ஒன்று இருக்கிறது. இருபது வருடமாக யாரிடமும் சொன்னதில்லை.

எங்கள் வீட்டில் சின்னி என்றொரு பூனை இருந்தது. என் மனைவி வளர்த்தது. ஒரு நாள் நொண்டிக்கொண்டு வந்தது. வெட்டிடம் போக அன்று வசதியில்லை. வலிக்குமே என்று, நாம் தலைவலிக்குப் போடும் பாராசிட்டமால் மாத்திரையில் பாதியை மீனில் வைத்துக் கொடுத்தேன். மாலையில் மூச்சு வாங்கியது. முகம் வீங்கியது. ஈறு பழுப்பாக, சாக்லேட் நிறத்தில் மாறியது. மறுநாள் விடியும் முன் போய்விட்டது. என் மனைவி என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளும் இப்போது இல்லை.

பூனையின் ஈரலால் அந்த மருந்தைச் சிதைத்து வெளியேற்ற முடியாது என்று பின்னால்தான் தெரிந்துகொண்டேன். பனடோ ஆனாலும் சரி, வேறு பெயரில் வரும் பாராசிட்டமால் ஆனாலும் சரி, பூனைக்கு ஒரு துண்டுகூடக் கொடுக்காதீர்கள்.

ஏலக்காய் | செப்டம்பர் 5, இரவு 8:30

ஐயா, இதை எழுதியதற்கு நன்றி. பாசத்தில் செய்தீர்கள். இப்படி வரும் பூனைகளை நாங்கள் இன்றும் பார்க்கிறோம். சீக்கிரம் கொண்டுவந்தால் மாற்று மருந்து உண்டு, ஆகவே யாராவது தவறிக் கொடுத்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் ஓடி வாருங்கள்.

இதே வரிசையில் இன்னும் சில: நாய்க்கு முதுகில் விடும் தெள்ளு மருந்தில் பெர்மெத்ரின் இருந்தால் பூனைக்கு வலிப்பு வரும். ஜெயஸ் ஃப்ளூயிட் போல தார் வாடை வீசும் கிருமிநாசினியால் தரை கழுவினால், பூனை பாதத்தை நக்கும்போது உள்ளே போகும். கற்பூரத்தைத் தட்டில் திறந்து வைக்காதீர்கள். லில்லிப் பூ வீட்டுக்குள்ளேயே வேண்டாம். நம் குவாஸூலு-நடால் மாகாணத்தில் சாலையோரம் தானாகவே முளைத்து வெள்ளையாகப் பூக்கிறதே, அதுவும் சேர்த்தி. மகரந்தம் மேலே பட்டு நக்கினாலே சிறுநீரகம் போய்விடும். சாமிக்கு மல்லிகை போதும்.

நீலாம்பரி | மியர்பேங்க் | செப்டம்பர் 6, பிற்பகல் 2:20

என் கேள்வி கொஞ்சம் வேறு. நாங்கள் சுத்த சைவம். இரண்டு பூனைகள், தயிர்சாதமும் பாலும்தான். ஆசையாகச் சாப்பிடுகின்றன. பெரியதற்கு இருட்டில் கண் சரியாகத் தெரியவில்லையோ என்று சந்தேகம், படியில் தடுமாறுகிறது. சாப்பாட்டுக்கும் இதற்கும் தொடர்பு இருக்குமா?

ஏலக்காய் | செப்டம்பர் 6, இரவு 7:48

இருக்கலாம் அம்மா, தயவுசெய்து இந்த வாரமே காட்டுங்கள். டாரின் என்ற சத்து பூனைக்கு வெளியிலிருந்து வந்தே ஆக வேண்டும், அதன் உடம்பு போதுமான அளவு தயாரிக்காது. இறைச்சியிலும் மீனிலும்தான் இருக்கிறது. அது குறைந்தால் விழித்திரை கெடும், இதயம் விரிந்து பலவீனமாகும். இதயத்துக்கும் டாரினுக்கும் உள்ள தொடர்பு 1987-இல்தான் உறுதியானது. அதற்குப் பிறகே நல்ல பூனைத் தீனிகளில் டாரின் அளவைக் கூட்டினார்கள். இதயம் பெரும்பாலும் மீளும், போன பார்வை மீளாது.

உங்கள் நெறியை மாற்றச் சொல்லவில்லை. எங்களிடம் வரும் பல சைவக் குடும்பங்கள் வராந்தாவில் தனித் தட்டு, தனிக் கரண்டி வைத்து டின் உணவு கொடுக்கிறார்கள். வெங்காயம், பூண்டு போட்ட சாம்பார் ரசம் எதுவும் சாதத்தில் கலக்காதீர்கள், சிவப்பணுக்களை உடைக்கும்.

நீலாம்பரி | செப்டம்பர் 6, இரவு 8:10

வராந்தா யோசனை என் மாமியாருக்கும் சம்மதம். திங்கட்கிழமை கூட்டிப் போகிறேன்.

மழைத்துளி | செப்டம்பர் 8, இரவு 9:05

வெள்ளையன் வீட்டுக்கு வந்துட்டான்! கழுத்துல கூம்பு மாட்டியிருக்கு. டின் சாப்பாட்டுல இன்னும் கொஞ்சம் வெந்நீர் கலந்து கொடுக்கச் சொன்னாங்க. பெல்லட்ஸ் கொஞ்சம் கொஞ்சமாக் குறைக்கணும், ஒரு கிலோவாவது இளைக்கணும், ஆனா பட்டினி போடக் கூடாது. குண்டான பூனை ரெண்டு மூணு நாள் சாப்பிடாம இருந்தாலே ஈரல்ல கொழுப்பு ஏறிடுமாம்.

ஏலக்காய் அக்கா, என்ன மாறுச்சுன்னு கேட்டீங்களே. நானும் அத்தையும் உட்கார்ந்து எழுதினோம். ஜூலைல கொழுந்தனார் குடிவந்தார். அவருக்கு அறை ஒழிக்க, மணல் தட்டைத் துணி துவைக்கிற மிஷின் பக்கத்துல மாத்தினோம். அது சுத்தும்போது அந்த இடமே அதிரும். அப்புறம் வாசனை மணல் வாங்க ஆரம்பிச்சேன். சில்வர்க்ளென் காட்டுப் பக்கத்துலேர்ந்து குரங்குக் கூட்டம் தினமும் பின்பக்க ஜன்னலுக்கு வருது, வெள்ளையன் கட்டிலுக்கு அடியில போயிடுவான். இன்னொண்ணு அத்தை கண்டுபிடிச்சது: ராத்திரி ஒரு பெரிய கருப்புக் கடுவன் முன்கேட்டுல வந்து பீய்ச்சிட்டுப் போகுது.

பூஜையறைதான் வீட்டிலேயே அமைதியான இடம். மிஷினும் இல்ல, ஜன்னலும் இல்ல. "பயந்துபோய்த்தான் சாமிகிட்ட வந்திருக்கான்"னு அத்தை சொன்னாங்க.

ஏலக்காய் | செப்டம்பர் 9, மாலை 6:15

உங்கள் அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அவர் சரியாகப் பிடித்திருக்கிறார்.

தட்டை இன்றே பழைய இடத்துக்கோ அமைதியான மூலைக்கோ மாற்றுங்கள். பூனைக்கு ஒன்று, மேலும் ஒன்று என்பது கணக்கு, ஆகவே அவனுக்கு இரண்டு தட்டு, இரண்டும் வேறு வேறு இடத்தில். கடைத் தட்டு இவனுக்குச் சின்னது. மூக்கிலிருந்து வால் ஆரம்பம் வரை அளந்து அதைப்போல் ஒன்றரை மடங்கு நீளம் வேண்டும், மூடியில்லாத பிளாஸ்டிக் பெட்டி ஒன்றை வாங்கி ஒரு பக்கம் தாழ்வாக வெட்டினால் போதும். வாசனையில்லாத, கட்டியாகும் மணல் வாங்குங்கள். தண்ணீரைச் சாப்பாட்டுக்குப் பக்கத்தில் வைக்காமல் தள்ளி இரண்டு மூன்று அகலக் கிண்ணங்களில் வையுங்கள்.

பாயை ஜிக் போன்ற ப்ளீச் ஊற்றிக் கழுவாதீர்கள். மூத்திரத்தோடு ப்ளீச் சேர்ந்தால் கெட்ட வாயு வரும். அம்மோனியா கலந்த திரவமும் வேண்டாம், அது பூனை மூக்குக்கு மூத்திர வாடையாகவே படும். என்சைம் கலந்த சலவைத் தூளில் ஊறவைத்து வெயிலில் போடுங்கள். பழைய பாய்தானே, புதிதாக வாங்கினாலும் நல்லதே.

ஜன்னலின் கீழ்ப்பாதிக்கு மறைப்புத் தாள் ஒட்டுங்கள், அலமாரி மேல் அவன் ஏறிப் படுக்க ஒரு இடம் ஒழியுங்கள். குரங்குக்குச் சாப்பாடு எதுவும் வெளியே இருக்கக் கூடாது. கருப்புக் கடுவனை யாராவது எஸ்பிசிஏ என்ற விலங்கு நலச் சங்கம் மூலமாக ஸ்டெரிலைஸ் செய்ய வைத்தால் தெருவுக்கே நிம்மதி.

இன்று முதல் தினமும் மணலில் திரளும் மூத்திரக் கட்டிகளை எண்ணி அளவைப் பாருங்கள். இரண்டிலிருந்து நான்கு, எலுமிச்சை அளவு என்றால் நிம்மதி. நிறைய சின்னச் சின்னக் கட்டிகள் என்றால் எனக்கு எழுதாமல் நேரே கிளினிக்குக்குப் போங்கள். முதல் சில வாரங்களில் மறுபடி அடைக்க வாய்ப்பு அதிகம்.

தென்றல் | லெனேசியா | செப்டம்பர் 12, காலை 11:30

சின்னதாக ஒன்று சேர்க்கிறேன், வயதான பூனை வைத்திருப்பவர்களுக்காக. எங்கள் ராணிக்குப் பதினான்கு வயது. விடியற்காலை மூன்று மணிக்கு வீடு முழுக்க ஊளையிடுவாள். பசி தாங்காது, ஆனால் எலும்பும் தோலுமாக இளைத்தாள். வயசாச்சு, புத்தி பேதலிச்சிருக்கு என்று விட்டுவிட இருந்தோம். தைராய்டு அதிகமாகச் சுரப்பது ஒரே ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்தது. இப்போது தினம் மாத்திரை, எடை ஏறுகிறது, நாங்களும் தூங்குகிறோம்.

புதுவரவு | ஃபீனிக்ஸ் | அக்டோபர் 2, இரவு 8:50

எங்க கடுவனுக்கு ரேபிஸ் ஊசி போட்டாச்சு. வெளியில போகாத பூனைக்கு எதுக்குன்னு நினைச்சிருந்தேன். நாய் பூனை ரெண்டுக்குமே இங்க சட்டப்படி கட்டாயம்னு ஊசி போட்டவர் சொன்னார். குவாஸூலு-நடாலில் ரேபிஸ் இன்னும் இருக்கு, ஒரு தெருநாய் உள்ள வந்தாப் போதும்னு விளக்கினார். டின் சாப்பாடும் ஆரம்பிச்சுட்டேன். மணல்ல கட்டி எண்ணுறேன் அக்கா, தினமும்.

மழைத்துளி | அக்டோபர் 14, இரவு 9:20

அஞ்சு வாரமா பாய்ல ஒரு தடவைகூட இல்ல. ஆனா தீபாவளி வருது, அதுக்கப்புறம் நவம்பர் 5, இங்க வெடி வெடிக்கிற கை ஃபாக்ஸ் நாள். எங்க தெருவுல ராத்திரி முழுக்க வெடிப்பாங்க. போன வருஷம் ரெண்டு நாள் சாப்பிடாமப் பதுங்கியிருந்தான். அந்தப் பயத்துல மறுபடி அடைச்சுட்டா?

ஏலக்காய் | அக்டோபர் 14, இரவு 10:05

நியாயமான பயம். இப்போதே உங்கள் டாக்டரிடம் பேசுங்கள், வெடிச் சத்தத்துக்கு முன்னால் கொடுக்கும் பதற்றம் தணிக்கும் மருந்து உண்டு. கபாபென்டின் என்று பெரும்பாலும் கொடுப்பார்கள். ஒரு நாள் முன்பே சின்ன அளவில் கொடுத்துப் பார்க்கச் சொல்வார்கள். நீங்களாக எதையும் கொடுக்காதீர்கள். சாயங்காலமே உள்ளறையில் விட்டு, திரை இழுத்து, தட்டு, தண்ணீர், அவன் ஒளிய ஒரு பெட்டி வைத்து, வானொலியை மெதுவாக ஓட விடுங்கள். ஒளிந்தால் இழுத்து வெளியே எடுக்காதீர்கள், ஒளிவதுதான் அவனுக்கு ஆறுதல். அவன் தோலுக்கடியில் அடையாளத்துக்குப் பதித்த மைக்ரோசிப் இருந்தால் அதன் விவரம் சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள், அந்த இரவுகளில் தொலையும் பூனைகள் அதிகம்.

கரும்புக்காடு | டோங்காட் | அக்டோபர் 15, காலை 6:30

தீபாவளி நமக்கு விளக்குத் திருநாள். என் ஆயா காலத்தில் வரிசையாக அகல் ஏற்றினோம், வெடி வாங்கக் காசில்லை, ஒரு குறையும் தெரியவில்லை. எங்கள் தெருவில் இந்த முறை எட்டு வீடுகளிடம் பேசினேன். ஐந்து வீட்டில் வெடி இல்லை என்று ஒப்புக்கொண்டார்கள். மற்ற மூன்று வீட்டுக்கும் மறுபடி போவேன்.

மழைத்துளி | சாட்ஸ்வொர்த் | நவம்பர் 6, காலை 7:10

நேத்து ராத்திரி பத்தரை வரைக்கும் வெடிச்சாங்க. தீபாவளியை விட நேத்துதான் மோசம். ஆறு மணிக்கே அத்தை அவனைத் தூக்கிட்டுப் பூஜையறைக்குப் போயிட்டாங்க. டாக்டர் கொடுத்த மருந்து போட்டிருந்தோம். விளக்கை மட்டும் வெளியே எடுத்து வச்சுட்டு, உள்ள அவனோட பெட்டியையும் ரெண்டாவது மணல் தட்டையும் அவங்களே கொண்டு வச்சாங்க. நான் தயங்கினப்போ, "ஒரு ராத்திரிதானே, சாமி ஒண்ணும் சொல்லாது"ன்னாங்க. கதவைச் சாத்திக்கிட்டு அவன் பக்கத்துலயே உட்கார்ந்து ஏதோ பாடிக்கிட்டிருந்தாங்க.

பெட்டிக்குள்ளேயே இருந்தான், ஆனா நடுங்கல. விடியக்காலை நாலு மணிக்கு மணல் கிளறுற சத்தம் கேட்டு நாங்க ரெண்டு பேருமே எழுந்துட்டோம்.

இப்பத்தான் அள்ளினேன். ஏலக்காய் அக்கா, மூணு கட்டி. மூணுமே எலுமிச்சை அளவு.